பாலத்துக்கு அடியில நின்னவரு

ஒரு ஊர்ல ஒரு பட்டாளத்துக்காரரு இருந்தாராம். பேரு அருமைநாயகம். ஆமாட்டி ஜெபா, உங்க தாத்தாதான், எங்கப்பாதான். காலையில பெட்டியில வச்சு மாலை போட்டுக் கொண்டுபோனாங்களே, அவரேதான். அழணும்னா அழு. ஆனா அத்தை கதை சொல்லும்போது "ம்" கொட்டணும், சரியா?

பட்டாளத்துல அவரு பாலம் கட்டுற இன்ஜினியரு. அவங்க கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. பாலம் முடிஞ்சு முதல் வண்டி போறப்போ, கட்டினவரு அடியில போய் நிக்கணும்.

ம்.

அப்புறம் பென்ஷன் வாங்கிட்டு ஊருக்கு வந்தாரு. இந்தப் பக்கம் நம்ம தெரு, அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, நடுவுல ஓடை. மழை பெஞ்சா ஓடை சோன்னு பொங்கிரும். காய்ச்சக்காரப் புள்ளைய மடியில போட்டுக்கிட்டுத் தண்ணி வடியட்டும்னு காத்திருப்பாங்க. தண்ணி வடியும், சில நேரம் புள்ள இருக்காது. அப்பாவால அதைத் தாங்க முடியல. தெருச் சனத்தைக் கூட்டிக்கிட்டு, பாலம் வேணும்னு சர்க்கார் ஆபீஸ் ஏறினாரு. "மனு குடுங்க"ன்னாங்க, குடுத்தாரு. "நாளைக்கு வாங்க"ன்னாங்க, போனாரு. "உமக்கு வேற வேலையே இல்லையா?"ன்னாங்க. "இல்ல"ன்னு அங்கேயே உக்காந்துட்டாரு.

அப்புறம் பாலம் வந்துச்சு. கட்டினவரு ஒரு காண்ட்ராக்டரு, வாய் நிறைய வெத்தல. திறப்பு விழா அன்னைக்கு அப்பா சுத்தியலோட ஓடைக்குள்ள இறங்கினாரு. முதல் தூணத் தட்டினாரு, டங்! ரெண்டாவது, டங்! மூணாவது... பொத். உள்ள பாதி மண்ணு! தூங்கிட்டியா?

ம்.

அப்போ அப்பா சத்தம்கூட போடல. "ஐயா, கல்லு லாரி மேல போகட்டும். நீங்க அடியில நில்லுங்க"ன்னாரு.

"எனக்கு முட்டி வலி"ன்னாரு காண்ட்ராக்டரு. நல்ல முட்டி! ஊருக்கே விஷயம் விளங்கிருச்சு. விழா நின்னுது. தூண இடிச்சு, அப்பா பக்கத்துலயே இருந்து திரும்பக் கட்ட வச்சாரு.

அப்புறம் லாரி வந்துச்சு. அந்தக் காண்ட்ராக்டரு வெத்தலையத் துப்பிட்டு, "இப்ப நீரு நில்லும்வே"ன்னாரு. அப்பா தனியா இறங்கிப் போய் நின்னாரு. பாத்தா, எங்கம்மா என்னை இடுப்புல வச்சுக்கிட்டு, சேலையச் சொருகிக்கிட்டு அவரு பின்னாலயே இறங்குறா.

"ஏளா, மேல போ!"ன்னாரு அப்பா.

"ஏன், பாலம் நிக்காதா?"

"நிக்கும்."

"அப்போ சும்மா நில்லுங்க."

அப்புறம் சளக் புளக்னு தெருவே இறங்கிருச்சு. மேல லாரி கட கட கட கட... தாண்டிப் போயிருச்சு! எங்க தலையில தூசிதான் கொட்டுச்சு.

தாத்தா பயந்தாரான்னா கேக்குற? பயந்தாரு. தனியா நின்னப்போ ஒண்ணுமில்லையாம். நாங்க இறங்கினதும் அந்த மூணாவது தூண இன்னொரு தடவை தட்டிப் பாத்தாராம், அவரே சொல்லிச் சிரிப்பாரு.

அடுத்த மழையில, ஓடை பொங்குற அன்னைக்குப் பாத்து எங்கம்மாவுக்கு வலி வந்துருச்சு. வாடகைக் கார்ல பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அங்கதான் உங்கப்பன் பொறந்தான். அன்னைக்குப் பாலம் இல்லன்னா என் தம்பி ஏது, நீ ஏது, நான் யாருக்குக் கதை சொல்ல?

எனக்கு இனிமே அப்பா இல்லட்டி. கொஞ்சம் தள்ளிப் படு, அத்தையும் உன்கூடவே படுத்துக்கிறேன். கதை இவ்வளவுதான், கண்ண மூடு.