எல்லாச் செடியிலும் சிவப்பு நூல்

இக்கதை, கருங்கல்வலசுக் குளத்தங்கரையில் கீரை விற்ற இராக்கியண்ணன் என்பவர் 1983 பங்குனியில் ஒரு காலைப் பொழுதில் சொல்லக் கேட்டது. அவர் தையல்சிட்டை ‘அவள்’ என்றும், அணிலை ‘அவன்’ என்றும், தேரையைத் ‘தேரையார்’ என்றுமே சொன்னார். அந்த மரியாதைகள் இங்கும் மாற்றப்படவில்லை.

ஒரு குளத்தின் உள்வாயில் ஒரு பங்குத் தோட்டம் இருந்தது. தண்ணீர் வற்றிப் பின்வாங்கியதும் ஊரார் அந்த ஈர நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். மதகுக்குப் பக்கத்துப் பாத்தி மாரப்பனுக்கும் அவர் மனைவி அங்கம்மாளுக்கும் வந்திருந்தது.

அந்தப் பாத்தியின் மூலையில் நின்ற கத்தரிச் செடியில் ஒரு தையல்சிட்டு குடியிருந்தாள். இரண்டு அகன்ற இலைகளைச் சேர்த்துப் பிடித்து, அலகால் துளையிட்டு, பஞ்சு நூல் கோத்து, பை போலத் தைத்து, உள்ளே இலவம்பஞ்சு பரப்பியிருந்தாள். பஞ்சின் மேல் நான்கு முட்டைகள். வெளியிலிருந்து பார்த்தால் கூடு இருப்பதே தெரியாது. தன் தையலைப் பற்றி அவளுக்குச் சற்றுப் பெருமை உண்டு.

பங்குனி பிறந்தது. கரைமேல் புங்கமரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு, எண்ணெய் தடவியது போன்ற தளிர்களோடு நின்றது. வேப்பம்பூ காற்றில் உதிர்ந்து பாத்தியெல்லாம் பொரி தூவியது போலக் கிடந்தது. அகத்திப் பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கித் தேன் குடித்தது. பூசணிப் பூவுக்குள் புகுந்த வண்டு மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வந்தது. பிடுங்க மறந்த முள்ளங்கி, தன்னை மறந்ததற்கு நன்றி சொல்வது போல வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. இவற்றையெல்லாம் தையல்சிட்டு இலை இடுக்கு வழியே பார்த்தபடி அடைகாத்தாள். இதைவிட நல்ல ஊர் வேறெங்கும் இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது.

குஞ்சுகள் பொரிந்த அன்று அணில் ஓடி வந்தான்.

“அக்கா, சேதி தெரியுமா? அடுத்த பாத்தியில செடியெல்லாம் பிடுங்கறாங்க. சித்திரைக்குப் புது விதை போடணுமாம்.”

“இந்தப் பாத்தியையும் பிடுங்குவாங்களா?”

“காய்ச்சு ஓய்ஞ்ச செடியை வச்சு என்ன பண்ணுவாங்க? உங்க கத்தரி ஓய்ஞ்சு எத்தனை நாளாச்சு!”

சிட்டு குனிந்து பார்த்தாள். கூட்டுக்குள் கண் திறக்காத நான்கு தலைகள், நான்கு திறந்த வாய்கள். இவை பறக்கும் வரையிலாவது செடி நிற்க வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

அன்று பிற்பகல் ஒரு காட்சியைக் கண்டாள். பந்தலில் தொங்கிய ஒரு பீர்க்கங்காயின் காம்பில் அங்கம்மாள் சிவப்புத் துணிக்கிழிசல் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் பக்கத்துப் பாத்திக்காரி ஒருத்தி குழம்புக்குக் காய் தேடி வந்து, அந்தக் காயை நோக்கிக் கை நீட்டினாள். துணியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

“கட்டு இருக்குது சாமி,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

வாய்க்கால் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்த உடைந்த பானைக்கடியில் தேரையார் இருந்தார். தோட்டத்து வழக்கங்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். சிட்டு அவரிடம் போனாள்.

“மாமா, அந்தத் துணிக்கு அப்படி என்ன பலம்?”

“துணிக்குப் பலம் ஏது அம்மணி? அது ஒரு பேச்சு. ‘இதை விதைக்கு விட்டிருக்குது, யாரும் தொடாதீங்க’ன்னு அர்த்தம். கட்டு விழுந்துட்டா அப்புறம் பசிச்சவங்ககூடப் பறிக்க மாட்டாங்க. ஆடு ஓட்டிட்டு வர்றவங்களும் ஆட்டை இழுத்துப் பிடிச்சுக்குவாங்க.”

“நூலில பேசறதுன்னா எனக்கும் வருமே, மாமா.”

“உனக்கு வராம வேற யாருக்கு வரும்?” என்று சொல்லிவிட்டு அவர் பானைக்குள் நகர்ந்துகொண்டார்.

பாத்தி நடுவே குருவி விரட்டுவதற்கென்று ஒரு சோளத்தட்டுப் பொம்மை நின்றது. அதற்குச் சிவப்புச் சட்டை. சிட்டு அதன் தோள்மேல் உட்கார்ந்து, சட்டையிலிருந்து ஒரு நூலை உருவினாள். கத்தரித் தண்டில் அதைச் சுற்றி அழகான முடிச்சொன்று போட்டாள்.

மறுநாள் மாரப்பன் மண்வெட்டியோடு வந்து கத்தரி வரிசையைப் பிடுங்கினார். மூலைக்கு வந்ததும் நூலைப் பார்த்தார்.

“அங்கம்மா விதைக்கு விட்டிருக்கா போல,” என்று சொல்லி அந்தச் செடியை விட்டுவிட்டார்.

மாலையில் அங்கம்மாள் தண்ணீர் பாய்ச்ச வந்தாள். அவளும் நூலைப் பார்த்தாள். “பரவால்லியே, இவரு விதைக்கு விட்டிருக்காரு,” என்று அந்தச் செடிக்கு ஒரு குடம் கூடுதலாகவே ஊற்றினாள்.

சிட்டுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை வேலிமேலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அணிலுக்கும் சிலிர்த்தது.

“அக்கா, என் சூரியகாந்திக்கு ஒரு கட்டு போடுங்க. விதை இன்னும் பால் பிடிக்கலை. முற்றுற வரைக்கும் நின்னா போதும்.”

“சூரியகாந்தியில அவங்களே கட்டலையேப்பா.”

“உங்க முடிச்சு மாதிரி அவங்களுக்குப் போடத் தெரியுமா? நான் எத்தனையோ தோட்டம் சுத்தியிருக்கேன். இந்த மாதிரி ஒரு முடிச்சைப் பார்த்ததில்லை.”

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. அவள் இன்னொரு நூலை உருவினாள்.

அடுத்துத் தேரையார் வந்தார். “சொல்லிக் கொடுத்தது நானு. என் பசலைக்கொடிக்கு இல்லையா? அந்த நிழல் போச்சுன்னா வெயில்ல நான் அப்பளமாயிடுவேன்.” பசலைக்கும் ஒரு கட்டு விழுந்தது.

வரப்பில் ஓர் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. அதன் இலையைத் தின்று வாழ்ந்த வரிப்புழு ஒன்று தலையைத் தூக்கியது. “அம்மா, நான் இன்னும் கொஞ்சம் தின்னுட்டுக் கூடு கட்டிக்கிட்டா, வண்ணத்துப்பூச்சியாயிடுவேன்.” அதற்கும் ஒரு கட்டு. கோரைப்புல்லில் குடியிருந்த வெட்டுக்கிளி, “நான் மட்டும் என்ன பாவம் செஞ்சேன்?” என்றது. கோரைக்கும் ஒரு கட்டு.

அவள் துணையான ஆண்சிட்டு இரையோடு வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தது. “உன்கிட்ட யாராவது ‘தையல் நல்லாயிருக்கு’ன்னு சொல்லிட்டாப் போதும். பொம்மைச் சட்டையில ஒரு கையே போயிடுச்சு, பாரு.”

“கேட்டா இல்லேன்னு எப்படிச் சொல்றது? எல்லாரும் நம்ம அக்கம்பக்கம்.”

“இல்லேன்னு சொல்லச் சொல்லலை. யோசிச்சுச் சொல்லச் சொல்றேன்.”

சிட்டு யோசிக்கவில்லை. அவரைக்கும் முள்ளங்கிக்கும் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் முடிச்சுப் போட்டாள். ஒவ்வொரு முடிச்சும் முந்தியதைவிட அழகாக அமைந்தது.

குஞ்சுகளுக்கு இறகு அரும்பிய சமயத்தில், மாரப்பனும் அங்கம்மாளும் மீதிப் பாத்தியைக் கிளறச் சேர்ந்து வந்தார்கள். மாரப்பன் வரப்பில் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம்புள்ள, எருக்கையா விதைக்கு விட்டிருக்கே?”

“எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? நீங்கதான் கோரையில கட்டி வச்சிருக்கீங்க.”

“கோரையிலயா?”

இருவரும் பாத்தி முழுக்கப் பார்த்தார்கள். அங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க, எல்லாத்தையும் விதைக்கு விட்டுட்டா நம்ம குழம்புக்கு எதை வைக்கிறது?”

“அப்ப அந்தக் கத்தரி?”

“நீங்க கட்டுனீங்கன்னு நான் நெனச்சேன்.”

“நான் நீயின்னு நெனச்சேன்.”

மாரப்பன் சிரிக்கவில்லை. “யாரோ வெளையாடியிருக்காங்க. இதுல எது நெசம், எது பொய்யின்னு நின்னு பார்த்துட்டிருக்க முடியாது. இன்னிக்கு வாய்க்காலை வெட்டி முடிச்சுடலாம். நாளைக் காலையில வந்து எல்லாத்தையும் ஒரே கிளறாக் கிளறிடறேன்.”

“நெசமா நான் கட்டுனது பீர்க்கன் மட்டும்தான். அதை எடுத்துட்டுப் போயிடறேன்,” என்று சொல்லி அங்கம்மாள் காயைப் பறித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் வாய்க்காலுக்குப் போனதும் சிட்டு கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் நாளைக்குள் பறக்கமாட்டா. பசிக்கிறதென்று கத்த மட்டுமே அவற்றுக்குத் தெரியும். அவள் கத்தரிச் செடியின் உச்சியில் நின்று எல்லாரையும் கூப்பிட்டாள்.

“கட்டுகளை அவிழ்த்தாகணும். ஒண்ணே ஒண்ணு இருந்தாத்தான் அவங்க அதை நம்புவாங்க.”

“சரிதான்,” என்றான் அணில். “என் சூரியகாந்தியை விட்டுட்டு மத்ததை அவிழ்த்துடுங்க.”

“அது எப்படி? பசலைதான் தோட்டத்துக்கே குளிர்ச்சி,” என்றார் தேரையார்.

“கோரைக்கு என்ன குறைச்சலாம்?” என்றது வெட்டுக்கிளி.

“கோரையை விதைக்கு விட்டவனை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?” என்றான் அணில்.

“சூரியகாந்தியைத் திருடித் தின்னுட்டுப் பேசறான் பாரு பேச்சு!”

சிட்டு வாயைத் திறந்தாள். ‘என் செடியை விட்டுவிட்டு’ என்ற சொல் அவள் அலகு நுனியில் நின்றது. மற்றவர்கள் சொன்னதையேதான் தானும் சொல்லப் போகிறோம் என்பது அப்போது அவளுக்கு விளங்கியது. தண்டுக்கு இறங்கி, தான் முதன்முதலாகப் போட்ட அந்த முடிச்சைப் பிரித்தாள். நூல் மண்ணில் விழுந்தது. இலைப்பைக்குள் குஞ்சுகள் தாய் வந்துவிட்டாள் என்று எண்ணிக் கத்தின.

சண்டை நின்றுவிட்டது.

வரிப்புழுதான் முதலில் பேசியது. “வேலியோரம் இன்னொரு எருக்கு இருக்குது. மெதுவா நடந்தா நான் போய்ச் சேர்ந்துடுவேன். நடக்கவும் பறக்கவும் முடியாத ஆளு இங்க அந்தக் குஞ்சுங்க மட்டும்தான். என் கட்டை எடுத்துக்கம்மா.”

தேரையார் முனகினார். “பானையும் உடைஞ்ச பானை, இனி நிழலும் இல்லை. போகுது, மதகடியில ஈரம் இருக்குது. அவிழ்த்துக்க, அம்மணி.” வெட்டுக்கிளி அடுத்த பாத்திக்குத் தாவியது. சிட்டும் ஆண்சிட்டும் பொழுது சாய்வதற்குள் நூல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

சூரியகாந்தியில் மட்டும் கட்டு மிஞ்சியது. அணில் அதன் அடியில் உட்கார்ந்து, இன்னும் பால் பிடிக்காத அந்தப் பெரிய பூவை நிமிர்ந்து பார்த்தான். பிறகு நூலைத் தானே பல்லால் கடித்து அறுத்தான். அதைக் கவ்விக்கொண்டு கத்தரிச் செடிக்கு வந்தான். அவனுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. தண்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, மிஞ்சிய நுனியை ஒரு கிளைக் கவட்டில் செருகிவிட்டான்.

“நல்லாயிருக்காக்கா?”

அந்தக் கட்டைப் பார்க்கச் சிட்டுக்குப் பொறுக்கவில்லை. பிரித்துத் திருத்தலாமென்று அலகை நீட்டினாள். ஆண்சிட்டு குறுக்கே வந்து நின்றது. “விடு. அது அப்படியே இருக்கட்டும்.”

“ரொம்ப நல்லாயிருக்கு, தம்பி,” என்றாள் சிட்டு. அதை அவள் பொய்யாகச் சொல்லவில்லை.

காலையில் மாரப்பன் ஒரு பக்கமிருந்து கிளறத் தொடங்கினார். எருக்கு போயிற்று. கோரையும் பசலையும் போயின. சூரியகாந்தி சாய்ந்தபோது அணில் கண்ணை மூடிக்கொண்டான். அங்கம்மாள் பிடுங்கிய செடிகளைப் பொறுக்கிக் குவித்தபடி மூலைக்கு வந்தாள்.

நேற்றுப் பாத்தி முழுக்க இருந்த கட்டுகளில் இன்று ஒன்றுகூட இல்லை. இந்தச் செடியில் மட்டும் ஒன்று இருந்தது, அதுவும் அவிழ்ந்து விழுகிற மாதிரி.

“இதென்ன கட்டு? நாய் வால்ல சுத்துன மாதிரி,” என்று சொல்லிக்கொண்டு, அதைப் பிரிக்கக் குனிந்தாள். விரல் இலையில் பட்டது. இலை சற்று விலகியது. உள்ளே நான்கு வாய்கள் திறந்தன.

அங்கம்மாள் அப்படியே நின்றாள். வேலிமேல் தையல்சிட்டு வாலைத் தூக்கித் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். அங்கம்மாள் அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு விலகிய இலையை மெல்லச் சேர்த்து விட்டாள். தொங்கிய நூலை இழுத்து, தண்டோடு இறுக்கி, இரண்டு முடிச்சாகப் போட்டாள்.

“அந்த மூலையையும் பிடுங்கிடு,” என்று மாரப்பன் குரல் கொடுத்தார்.

“இதை விதைக்கு விட்டிருக்குதுங்க.”

“நேத்து நீ கட்டலைன்னியே?”

“நேத்துக் கட்டலை. இப்பக் கட்டியிருக்கேன்.”

மாரப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். சித்திரை நடுவில் நான்கு குஞ்சுகளும் அந்தச் செடியிலிருந்து பறந்தன.

குளத்தின் கீழ்க்கரையில் இதைச் சொல்பவர்களின் முடிவு வேறு. அங்கே அணில் தன் நூலை அவிழ்ப்பதில்லை. மாரப்பன் சூரியகாந்தி, கத்தரி இரண்டையும் பிடுங்கிவிடுகிறார். அங்கம்மாள் கூட்டைக் காண்பது அதன் பிறகுதான். கத்தரியை வேரோடு கொண்டுபோய் வேலியில் சாய்த்து வைக்கிறாள். மூன்று குஞ்சுகள் பறக்கின்றன, ஒன்று பறக்கவில்லை. ஆயினும் இரு கரையாரும் கதையை ஒரே வாக்கியத்தில்தான் முடிக்கிறார்கள்: எல்லாவற்றிலும் கட்டிய நூல் எதையும் காப்பதில்லை, உயிர் பிழைக்க அது வேண்டியவருக்கென்று மற்றவர்கள் விட்டுக்கொடுத்த நூலே காக்கும்.