எந்த மேடு?

வெள்ளக் கட்டுப்பாட்டு அறைச் சேவியருக்குத் தலைவலி ஒரு வெள்ளைத் தாளில் வந்து சேர்ந்தது. தும்பையூரை வெள்ளத்திலிருந்து காத்தவருக்குக் கேடயம் தருகிறார்களாம். ஒரே கேடயம், ஒரே பெயர். "நீங்களே ஒரு பேரை எழுதிக் குடுங்க சேவியர், சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்று வட்டாட்சியர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு வருட வேலையில் சேவியருக்கு ஒரு கைதட்டல்கூடக் கிடைத்ததில்லை. தன் பெயரையே எழுதிவிடக் கை துறுதுறுத்தது. அதில் தப்பும் இல்லை. நடந்ததைக் கேளுங்கள்.

போன ஐப்பசியில் ஒருநாள், பகல் பன்னிரண்டு மணி. அணை நிரம்பிவிட்டது, மதகுகளைத் திறக்கப் போகிறோம் என்று சேவியருக்குத் தகவல் வந்தது. ஒரு நிமிடம் தாமதிக்கவில்லை. ஆற்றோரத்து நாற்பது ஊர்களின் செல்போன்களையும் ஒரே நேரத்தில் அலற வைத்தார். "ஆற்றில் வெள்ளம். உடனே மேட்டுப் பகுதிக்குச் செல்லவும்." எல்லா ஊருக்கும் ஒரே வாசகம். அதில் ஓர் எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஆளாளுக்கு ஒன்று சொன்னால் ஊர் குழம்பிப் போகும் என்பதற்காக வந்த விதி, நல்ல விதிதான். முப்பத்தொன்பது ஊர்கள் மளமளவென்று மேடேறிவிட்டன.

தும்பையூரில்தான் வினை. அங்கே ஆற்றங்கரைத் தெரு ஒன்றுக்குப் பெயரே மேட்டுத்தெரு. ஒரு காலத்தில் மணல்மேடாக இருந்த இடம். லாரி லாரியாக மணலை அள்ளிய பிறகு, ஊரிலேயே பெரிய பள்ளம் அதுதான். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பதற்றத்தில் யார் நின்று பள்ளம் மேடு பார்க்கிறார்கள்? கீழத்தெரு சனங்கள் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேரே மேட்டுத்தெருவுக்கு ஓடினார்கள்!

பஞ்சாயத்து மைக் ஆட்டோவை ஓட்டுகிற துளசிமணி எதிரே வந்தார். சேவியர் அனுப்பிய வாசகத்தை அப்படியே வாசிப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. ஓடுகிற கூட்டத்தைப் பார்த்ததும் ஆட்டோவைக் குறுக்கே நிறுத்தினார். "மேட்டுத்தெருவுக்குப் போகாதீங்க! அது பள்ளம்! பள்ளிக்கூடத்துக் குன்றுல ஏறுங்க!" என்று மைக்கில் கத்தினார். கூட்டம் திரும்பியது.

மேட்டுத்தெருக்காரர்கள் மட்டும் அசையவில்லை. அன்று அங்கே ஒரு நிக்காஹ். "முதல்ல சாப்பிடுவோம், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். மைக்கில் வந்ததைக் கேட்ட சமையற்காரர் சிக்கந்தர் யாரிடமும் வாதாடவில்லை. தம் போட்ட மூன்று அண்டாக்களையும் மினி லாரியில் ஏற்றினார். "பந்தி பள்ளிக்கூடத்துல! அங்க வர்றவுகளுக்குத்தான் பிரியாணி!" மாப்பிள்ளை உட்பட முந்நூறு பேரும் பின்னாலேயே போனார்கள். முக்கால் மணி நேரத்தில் மேட்டுத்தெருவில் ஆள் மூழ்கும் தண்ணீர். குன்றின் மேல் ஊரே வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

வேளையோடு சேதி சொன்னவர் சேவியர். சொல்லை மாற்றியவர் துளசிமணி. அசையாதவர்களை அசைத்தவர் சிக்கந்தர். ஒருவர் இல்லாவிட்டாலும் உயிர்கள் போயிருக்கும். நீங்கள் சேவியராக இருந்தால் அந்தத் தாளில் யார் பெயரை எழுதுவீர்கள்?

விடை: துளசிமணி. சேவியருக்கு விதி துணை இருந்தது. என்ன நடந்திருந்தாலும் அவரை யாரும் கேள்வி கேட்டிருக்க முடியாது. வெள்ளம் வராமல் போயிருந்தாலும் சிக்கந்தரின் பிரியாணியைக் குன்றின் மேல் சாப்பிட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அரசாங்க மைக்கில் தனக்குக் கொடுக்காத சொல்லைச் சொன்னவர் துளசிமணி. கணக்கு தப்பியிருந்தால் வேலையும் போய், பழி முழுவதும் அவர் தலையில் விழுந்திருக்கும். அது தெரிந்தேதான் வாய் திறந்தார். பெயரை எழுதியபோது சேவியருக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது உண்மை. எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. உடனே போன் போட்டுச் சேதியைச் சொன்னார்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார் துளசிமணி. "கேடயம் மெதுவா வரட்டும். அடுத்த மழைக்குள்ள அந்தத் தெருப் பேரை மாத்தச் சொல்லுங்க."