பொம்மையை ஓரமாக வையுங்கள்

குருவுக்கு முப்பத்தைந்து வயது. சீடருக்கு ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. குருவின் பெயர் குளோரி, சீடரின் பெயர் இசக்கிராஜ். அவர் குருவை "மேடம்" என்பார். குரு அவரை "அண்ணாச்சி" என்பார். இந்த மரியாதை ஒன்றுதான் அவர்களுக்குள் சுமுகமாக நடந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் மல்லுக்கட்டுதான்.

திருநெல்வேலிக்கு வெளியே, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு மேல்பயிற்சி கொடுக்கும் இடம் அது. முதலுதவி தெரிந்தவர்கள் அங்கே வந்து, ஓடும் வண்டியிலேயே ஈசிஜி எடுக்கவும் மருந்து போடவும் படித்துக்கொண்டு போவார்கள். தேறியவர் இருக்கிற ஊருக்குக் கருவிகளோடு பெரிய வண்டி போகும். தேறாதவருக்குப் பழைய வண்டியும் பழைய ஸ்ட்ரெச்சரும்தான்.

இசக்கிராஜ் வேலைபார்க்கும் வண்டி ஓடுவது ஒரு மலையடிவார ஊரில். போன வருடம் அங்கே ஒரு தறிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார். டவுன் ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் போய்விட்டார். "வழியிலேயே ஈசிஜி பார்த்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இசக்கிராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமே இந்தப் பயிற்சிக்கு எழுதிப் போட்டார்.

வந்து இரண்டு தடவை தோற்றாயிற்று. மூன்றாவதும் போனால் பெரிய வண்டி வேறு ஊருக்குப் போய்விடும். அதை மேலதிகாரி போனில் சொல்லியும்விட்டார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பரீட்சையில் செய்வதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். கட்டிலில் கிடப்பது ரப்பர் பொம்மை. அதற்கு நாடியும் இல்லை, பிரஷரும் இல்லை. அதனால் சீடர் கேட்கக் கேட்க, பக்கத்தில் நிற்கும் குரு தாளைப் பார்த்துச் சொல்லுவார்.

இந்த விளையாட்டில் இசக்கிராஜை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"இடம் பத்திரமா இருக்கு. கையுறை போட்டாச்சு. மூச்சு பாக்கேன். மூச்சு இருக்கா மேடம்?"

"இருக்கு."

"நாடி பாக்கேன். எப்படி மேடம்?"

"வேகமா ஓடுது."

"பிரஷர் பாக்கேன். எவ்வளவு மேடம்?"

"தொண்ணூறுக்கு அறுபது."

"அப்ப நாக்குக்கு அடியில மாத்திரை வைக்க மாட்டேன். வச்சா பிரஷர் இன்னும் எறங்கிரும்."

ஒரு சொல் பிசகவில்லை. கையுறை மட்டும் பெட்டிக்குள் இருந்தது. பிரஷர் பார்க்கும் பட்டை சுருட்டியபடி கிடந்தது. இசக்கிராஜின் கண் பொம்மையின் பக்கம் போகவே இல்லை. குருவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளோரி தாளில் "மறுபடியும்" என்று எழுதினார்.

இதை அவர் சொல்லாமலா இருந்தார்? சொல்லிச் சொல்லித் தொண்டைத்தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். "சொல்லுங்க அண்ணாச்சி, ஆனா செய்யவும் செய்யுங்க" என்பார். இசக்கிராஜ் பணிவாகத் தலையாட்டுவார். அடுத்த நிமிடமே, "செய்யுதேன் மேடம். கையுறை போட்டாச்சு" என்று வெறுங்கையை நீட்டுவார். குளோரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வார்.

கடைசிப் பரீட்சை நாள் வந்தது. அன்றும் அதே பொம்மை, அதே நெஞ்சு வலிக் கேஸ். ஆரம்பிப்பதற்கு முன்பே இசக்கிராஜுக்குப் பொறுமை போய்விட்டது.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒரு வரி விடாம சொல்லுதேன். சின்னப் பயலுவல்லாம் தேறிட்டானுவ. நான் எதுல தோக்கேன்?"

குளோரி பேனாவை மூடினார்.

"பொம்மையத் தூக்கி ஓரமா வைங்க."

"மேடம்?"

"ஓரமா வைங்க அண்ணாச்சி."

வைத்தார். குளோரி தாளை, இசக்கிராஜோடு படிக்கும் பீர் முகம்மதுவின் கையில் கொடுத்தார். "இவர் சொல்லச் சொல்ல டிக் போடுங்க" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார்.

"ஐயா, நெஞ்சு வலிக்குய்யா" என்றார் குரு.

அறையில் யாரோ சிரித்து, உடனே இருமலாக்கிக்கொண்டார்கள்.

இசக்கிராஜ் ஆரம்பித்தார். "இடம் பத்திரமா இருக்கு. கையுறை போட்டாச்சு. மூச்சு பாக்கேன். மூச்சு இருக்கா மேடம்?"

கேட்டபடியே வழக்கமாகக் குரு நிற்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

"மேடம், மூச்சு இருக்கான்னு கேட்டேன்."

"யாருய்யா மேடம்? வலி தாங்கலய்யா."

இசக்கிராஜ் பீரைப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதீங்க அண்ணே. எனக்கு டிக் போட மட்டுந்தான் சொல்லிருக்காவ."

"நாடி பாக்கேன்" என்றார் இசக்கிராஜ். கையைப் பாதி நீட்டினார். "மேடம், கைய... நெசமாவே பிடிக்கணுமா?"

"செத்துருவேன் போலிருக்கய்யா" என்றார் குரு, கண்ணைத் திறக்காமல்.

"இது நல்ல கூத்து!" இசக்கிராஜுக்குச் சுறுசுறுவென்று ஏறியது. வெடுக்கென்று பெட்டியைத் திறந்து கையுறையை உருவினார். உருவிய வேகத்தில் ஒன்று கிழிந்தது. வேறொன்றை எடுத்து மாட்டினார். பட்டையை உதறி, குருவின் மேல்கையில் சுற்றினார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் செருகிக்கொண்டு, யாரையோ பழிவாங்குவதுபோல் காற்றடித்தார். பிறகு மெல்லத் திறந்துவிட்டு, முள் இறங்குவதைப் பார்த்தார்.

பார்த்தவர் அசையவில்லை.

மறுபடி காற்றடித்தார். இந்தத் தடவை கோபத்தில் அடிக்கவில்லை. கட்டிலைச் சுற்றிப்போய் அடுத்த கையில் கட்டினார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டை நன்றாக அழுத்திப் பிடித்தார். அவருடைய வாய் அடைத்துப்போயிருந்தது. அந்த அறையில் அது புதுசு.

"அண்ணே, ஒண்ணும் சொல்லாம இருந்தா நான் என்னத்த டிக் போட?" பீர் குனிந்து கிசுகிசுத்தான். "தொண்ணூறுக்கு அறுபதுன்னு சொல்லுங்க. தாள்ல அதான போட்டிருக்கு. முடிச்சிரலாம்."

இசக்கிராஜுக்கும் அது தெரியும். அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். அதைச் சொன்னால் அடுத்த வரி வரும், அதற்கடுத்த வரி வரும், கடைசியில் பெரிய வண்டி மலையடிவாரத்துக்கு வரும். தறிக்காரரின் முகம் ஒருமுறை வந்துபோனது.

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து" என்றார். "ரெண்டு கையிலயும்."

"தாள்ல அப்படி இல்லண்ணே."

"தாளை மடிச்சு வை. கை இங்க இருக்கு."

குளோரி கண்ணைத் திறந்தார்.

"எவ்வளவு?" இப்போது பேசியது சொந்தக் குரல்.

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

குரு கையை ஊன்றி எழுந்தார். "சரி, வெளிய சொல்லாதீங்க. நாளைக்குப் பாத்துக்கிடலாம். அடுத்த ஆளு வாங்க."

"படுங்க மேடம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

"இப்படித்தான் எல்லாவனும் சொல்லுதான். படுங்கன்னு சொன்னேன்லா!"

குளோரியை அந்தக் கட்டடத்தில் யாரும் அதட்டிப் பார்த்ததில்லை. அவர் மறுபடி படுத்துக்கொண்டார். இசக்கிராஜ் தலைமாட்டை உயர்த்திவிட்டார். ஜன்னல் பக்கம் மொய்த்து நின்றவர்களைக் கையால் விரட்டினார். "வண்டிய வாசலுக்கு எடு" என்று பீரை அனுப்பினார். பீர் தாளைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினான்.

"நெஞ்சு வலி நெசமா மேடம்?"

"அது நடிப்பு."

"மூச்சு வாங்குதா? கை கால் எதுவும் மரத்துப்போன மாதிரி இருக்கா?"

"இல்ல."

"சிரிங்க பாப்போம்."

"இந்த நேரத்துல என்ன சிரிப்பு?"

"வாய் கோணுதான்னு பாக்கணும். சிரிங்க."

குரு சிரித்தார். வாய் கோணவில்லை. இசக்கிராஜ் திரும்பவும் பட்டையைச் சுற்றினார்.

குளோரி மறு கையால் தாளைத் துழாவி எடுத்தார். அதில் கட்டங்கள் எல்லாம் காலியாகக் கிடந்தன. ஒன்றில்கூட டிக் இல்லை. தாளை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, பேனாவைப் பல்லால் திறந்து, அடியில் "தேர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அண்ணாச்சி, இதப் பாருங்க."

"எல்லாம் அப்புறம் பாக்கலாம் மேடம். கைய ஆட்டாம இருங்க, முள்ளு துள்ளுது."

குரு கையை ஆட்டாமல் இருந்தார். வாசலில் வண்டியின் சத்தம் கேட்டது.

"தலை வலிக்கா?" என்று கேட்டார் இசக்கிராஜ்.

"வலிக்கு."

"எப்பருந்து?"

"ஒரு வாரமா. விட்டு விட்டு வருது."

வந்த எரிச்சலில் இசக்கிராஜ் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து பிடுங்கினார். "ஒரு வாரமாவா? ஒரு வாரமா காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் உங்க மூஞ்சியத்தான மேடம் பாத்துக்கிட்டு நிக்கேன்? ஒரு வார்த்தை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க இப்பத்தான அண்ணாச்சி கேக்கீங்க" என்றார் குரு.