பத்து ஓநாய்களை விரட்டிய பன்றி

ஜப்பான் நாட்டுப் பனிமலைக் காட்டில் குரோபெய் என்றொரு காட்டுப்பன்றி இருந்தது. அதன் கோரைப்பற்கள் இரண்டும் வாள்போல் வளைந்திருக்கும். காட்டை ஆண்ட கரடிக்கு அதுதான் மெய்க்காவலன். கரடி நோயில் விழுந்து இறந்தது. புதிதாய் வந்த தலைவனுக்குப் பழைய காவலன் பிடிக்கவில்லை. "போய்விடு!" என்று துரத்திவிட்டது.

எஜமானை இழந்த குரோபெய் மலை மலையாக அலைந்தது. ஒருநாள் வழிமறித்த நொண்டி ஓநாய் ஒன்றைக் குத்தி விரட்டியது. மரத்திலிருந்து பார்த்த குரங்குகள் அதைக் கதையாக்கின. ஓர் ஓநாய் மூன்றானது. மூன்று பத்தானது!

பனி விழத் தொடங்கியபோது, குரோபெய் பசியோடு ஓர் ஆற்றங்கரைக்கு வந்தது. அங்கே ஒரு மான்கூட்டம் வாழ்ந்தது. அதன் தலைவியான ஒரின் என்ற பெண்மான் எதிரே வந்தது.

"பத்து ஓநாய்களைத் தனியாக விரட்டிய வீரர் நீங்கள்தானா?"

இல்லையென்று சொல்லத்தான் குரோபெய் வாயெடுத்தது. ஆனால் கரையெங்கும் கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. அதோடு, தன்னை யாரும் 'நீங்கள்' என்று அழைத்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"நான்தான்" என்றது.

"அப்படியானால் எங்களுக்குக் காவலாக இருங்கள்!"

சில நாள் கழித்து, காலையில் ஒரு காகம் அலறியது. "ஓநாய்கள் வருகின்றன! ஐந்து!"

ஒரின் ஓடிவந்தது. "ஐயா, ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போய்விடவா? குட்டிகள் இருக்கின்றன. நீங்கள் சொன்னால் இங்கேயே இருக்கிறோம்."

ஐந்தைத் தன்னால் எதிர்க்க முடியாது என்று குரோபெய்க்குத் தெரியும். ஆனால் இப்போது போகச் சொன்னால் மானம் போய்விடுமே!

"ஐந்துதானே! எதற்கு ஓடுவது?" என்றது.

மாலையில் ஓநாய்கள் வந்தன. குரோபெய் உயிரைக் கொடுத்துப் போராடியது. ஒன்றைச் சாய்த்தது. ஒன்றை விரட்டியது. மூன்றாவதோடு மோதியபோது கோரைப்பல் முறிந்தது. அதற்குள் மற்ற இரண்டும் மான்களுக்குள் பாய்ந்துவிட்டன.

ஓநாய்கள் போனபின் பனியில் மூன்று மான்கள் செத்துக் கிடந்தன. ஒன்று ஒரினின் குட்டி.

"உண்மையைச் சொல்லுங்கள். அன்று எத்தனை ஓநாய்கள்?" என்று ஒரின் கேட்டது.

"ஒன்று... அதுவும் நொண்டி."

ஒரின் கத்தவில்லை. "காலையில் இதைச் சொல்லியிருந்தால் ஆற்றைக் கடந்திருப்போம்" என்றது.

மான்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கின. ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. குரோபெய் மட்டும் அந்த மூன்று உடல்களின் அருகில் நின்று, காகங்களை விரட்டிக்கொண்டிருந்தது.

தனக்கு உரிமையில்லாத புகழை மறுக்காமல் ஏற்பவன், தன்னை நம்பியவர்களை அதற்கு விலையாகக் கொடுக்கிறான்.