செவப்புக் காருக்குள்ள ஒரு தட்டல்

"அம்மிணி, சூசைய வெளிய அனுப்புங்க. அவன் பக்கத்துல நின்னா எனக்கு இஞ்சின் சத்தமே கேக்க மாட்டீங்குது."

நாச்சிமுத்து இப்படிக் கேட்டது மரகதத்துகிட்ட. கோயமுத்தூர்ல பழைய காரு இஞ்சினுன்னா அவகிட்டத்தான் வருவாங்க. நாச்சிமுத்துவவிடப் பத்து வருசம் சின்னவ. ஆனா அவருக்குக் குரு. லாரிப் பட்டறையில முப்பது வருசம் சுத்தியல் புடிச்சுட்டு, அம்பது வயசுல வந்து சிஷ்யனாச் சேந்த மனுசன். கல்யாணத்துக்குக் கூட யாரும் இத்தன லேட்டாப் போக மாட்டாங்க.

சூசை இன்னொரு சிஷ்யன். வந்து ரெண்டே வருசம். ஆனா பாம்புக் காது.

நாச்சிமுத்துவுக்கு அதுலதான் வயித்தெரிச்சல். சூசை டீ குடிச்சா எரியும். சூசைக்கு ரெண்டாவது டீ வந்தா புகையும்.

அன்னிக்கு ஷெட்டுல நின்னது ஒரு பழைய செவப்பு ஸ்போர்ட்ஸ் காரு. ரெண்டே சீட்டு, மிச்சமெல்லாம் மூக்கு. வாங்கப் போற டாக்டரு, வாங்கலாமா வேண்டாமான்னு சாயங்காலத்துக்குள்ள பதில் கேட்டிருந்தாரு. விக்கறவன் இஞ்சினப் பிரிக்கவே கூடாதுன்னுட்டான். கெட்டி ஆயில ஊத்தி சத்தத்த அமுக்கியும் வெச்சிருந்தான். மரகதம் அத வடிச்சுட்டு சரியான ஆயில ஊத்துனா. இஞ்சின் சூடானதும் உள்ளயிருந்து டக்கு டக்குன்னு ஒரு தட்டல்.

நாலு சிலிண்டர்ல எதுல தட்டுதுன்னு பிரிக்காம சொல்றவருக்குத்தான் பொள்ளாச்சியில தொறக்கப் போற புது ஷெட்டுன்னு மரகதம் காலையிலயே சொல்லிட்டா.

இப்ப அவ சூசையப் பாத்துத் தலைய ஆட்டுனா. அவன் ரோட்டு முக்குல இருக்கற பேக்கரிக்குப் போயிட்டான்.

"இனிக் கேக்குமாண்ணா?"

"இனிக் கேக்காம என்ன."

நாச்சிமுத்து நீள ஸ்குரூடிரைவர் முனைய இஞ்சின்மேல ஊனி, புடியக் காதுல வெச்சாரு. மரகதம் பிளக் ஒயர ஒவ்வொண்ணாக் கழட்டிக் கழட்டி மாட்டுனா. அடிபட்ட சிலிண்டருக்கு நெருப்புப் போகாட்டி தட்டல் அடங்கிரும். அவ்வளவுதான் பரீட்சை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டவனும் பாஸாயிரலாம்.

மொத ஒயரு.

போன மாசம் வந்த பச்சை வண்டிய அவன்கிட்டத்தான குடுத்தீங்கன்னு நாச்சிமுத்து ஆரம்பிச்சாரு.

ரெண்டாவது ஒயரு.

அவனுக்குப் புது ஸ்பேனர் செட்டு, எனக்குத் துருப்புடிச்சதுன்னாரு.

மூணாவது.

ரேஸுக்கு அவன மட்டும் கூட்டிட்டுப் போனீங்கன்னாரு.

நாலாவது.

இப்பக்கூட பாருங்க, ஜம்முன்னு உக்காந்து தேங்கா பன்னு திங்கறான்னாரு.

"எதுலண்ணா அடங்குச்சு?"

மூணுன்னாரு. அப்பறம் நாலுன்னாரு. இன்னொருக்காக் கழட்டச் சொன்னாரு.

கழட்டுனா.

இந்தத் தடவ நாலு ஒயரும் சுத்தி வந்து முடியற வரைக்கும், அவன் பாம்புக் காதுங்கறதெல்லாம் சும்மா, குருட்டாம்போக்குல சொல்றான்னு வெளக்கிட்டு இருந்தாரு.

மரகதம் சாவியத் திருப்பி இஞ்சின நிறுத்துனா. ஷெட்டே கம்முன்னு ஆயிருச்சு.

நாச்சிமுத்து மட்டும் ஸ்குரூடிரைவரக் காதுல இருந்து எடுக்காம, பொள்ளாச்சியில அவன எவன் மதிப்பான்னு பேசிட்டே இருந்தாரு.

"அண்ணா," மரகதம் மெதுவாக் கூப்புட்டா. "சூசைய அனுப்பியாச்சு. இஞ்சினையும் நிறுத்தியாச்சு. இன்னும் எது தட்டுது?"

நாச்சிமுத்து ஸ்குரூடிரைவரக் கீழ வெச்சாரு. கையத் தொடச்சாரு. தொடச்ச கையவே திரும்பத் தொடச்சாரு.

அப்பறம் ஃபோன எடுத்தாரு.

"சூசை, பன்னத் தின்னுட்டு மெதுவா வா. மூணா நாலான்னு எனக்குக் கேக்கல."