கடலை தின்னவன் சாட்சி செல்லாது

ஒரு சுல்தான் ராஜ்யத்துல, ஏதோ ஒரு ஊர்ல, ஒரு காஜி இருந்தானாம். காஜின்னா வழக்கு கேட்டுத் தீர்ப்பு சொல்றவன். தலைப்பா இம்மாம் பெருசு! அதுக்குள்ள என்ன இருந்துச்சுங்கறே? ஊரை ஆள்ற அமீர் மேல பயம். வேற ஒண்ணும் இல்ல. ம் கொட்டுடா, அப்பதான் சொல்லுவேன்.

அந்த ஊர்ல ஸபூரான்னு ஒரு பொம்பளை. புருஷன் மவுத்தாயி, போய்ச் சேந்துட்டான். ஒரு கிணறு, சுத்திக் கொஞ்சம் கீரைப்பாத்தி, அதுலதான் புள்ளைங்களுக்குக் கஞ்சி. அந்த அமீரோட மச்சினன் ஒரு நாள் வந்தான், டக் டக் டக்குன்னு வேலி அடிச்சான், "இது என் கிணறு"ன்னுட்டான். எவ்வளவு கொழுப்பு பாரு!

அப்போ அவ காஜிகிட்ட ஓடுனா. "சாட்சி கொண்டா"ன்னான். சாட்சி ஒழுக்கமான ஆளா இருக்கணும்னு சட்டம். வர்ற சாட்சியை எல்லாம் தள்ளிவிட இவனுக்கு அது போதாதா?

மொதல்ல பக்கத்து வீட்டுக்காரன் வந்தான். காஜி மூக்கைச் சுருக்கி, "நீ கடைவீதியில நடந்துக்கிட்டே மொறுக் மொறுக்குன்னு கடலை தின்னவன்தானே? செல்லாது, போ"ன்னான். அப்புறம் கிணறு வெட்டினவனே வந்தான். "நீ புறா விடுறவன், மாடியில நின்னு அடுத்த வீட்டை எட்டிப் பாப்ப. போ." அப்புறம் பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற கிழவர், பாவம், தடியை ஊனிக்கிட்டு வந்தார். "தெருவுல கெக்கெக்கேன்னு சிரிச்சீரே, போம்." த்தூ! இவனெல்லாம் ஒரு நீதிபதி!

டேய், தூங்கிட்டியா? ம் கொட்டுறே, சரி.

ஸபூரா அழுதாளா? அழல. "இன்னொரு சாட்சி இருக்கு"ன்னா. "போன நோன்புல தெனமும் நோன்பு தொறக்கற நேரத்துல என் வாசல்ல நின்னு, 'ஸபூரா, உன் கிணத்துத் தண்ணி மாதிரி வராது'ன்னு மடக் மடக்குன்னு குடிச்ச மனுஷன். நீங்கதான் காஜியாரே. எறங்கி வந்து சாட்சி சொல்லுங்க."

காஜி வசமா மாட்டிக்கிட்டான். ஆமான்னா அமீர் தோலை உரிச்சிருவான். இல்லன்னு சொல்லவும் முடியாது, அவன் குடிச்சதை ஊரே பாத்திருக்கு. கடைசியில அந்தப் பேடி வாயைத் திறந்து, "என் சாட்சி செல்லாது. நான் ஒழுக்கமான ஆள் இல்ல"ன்னான்.

வழக்கு பாக்க வந்திருந்த கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. "சாட்சிக்கே லாயக்கில்லாதவனுக்குத் தீர்ப்பு சொல்ற எடத்துல என்ன வேலை?"ன்னு ஒருத்தன் கேட்டான். அவ்வளவுதான், அத்தனை பேரும் எந்திரிச்சு நேரா கிணத்துக்குப் போயி, வேலியை மளார் மளார்னு புடுங்கி எறிஞ்சாங்க. கூட்டத்தைப் பாத்ததும் மச்சினன் நழுவிட்டான். ஸபூரா அன்னைக்கே கீரைக்குத் தண்ணி ஊத்துனா.

அதுக்கப்புறமும் காஜி தெனமும் தலைப்பா கட்டிக்கிட்டு வந்து உக்காந்தான். வழக்குன்னு ஒரு ஈ காக்கா வரல.

ஆச்சு, கதை அம்புட்டுதான். காலை நீட்டிப் படு.