மஞ்சள் விளக்கு எரியாத வண்டி

கொல்லிமலையிலிருந்து கார் இறங்கத் தொடங்கியதுமே குழந்தைவேலு கேட்டுவிட்டார்.

"அம்மா, பெத்த மகளையே வேண்டாம்னு வாசக்கதவைச் சாத்தினவன் நான். மொத ரெண்டு வருஷம் சோறு இறங்கல, தூக்கமில்ல. அப்புறம் அவ நினைப்பு வந்தா கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கப் பழகினேன். அடங்கிரும். இப்ப பதினோரு வருஷமாச்சு. அவ பேரைச் சொன்னாக்கூட நெஞ்சுல ஒண்ணும் அசையறதில்லீங்க. பற்று அத்துப்போறதுங்கறது இதுதானுங்களே?"

நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்தியவர். மகனிடம் அதை ஒப்படைத்துவிட்டு மலைமேல் இருக்கும் தியானக் குடிலுக்கு வந்து சேர்ந்தார். வயது அறுபத்திரண்டு. அவர் அம்மா என்று கூப்பிட்ட சிவகாமிக்கு நாற்பத்து நாலுதான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டுக் குடில் நடத்துகிறவர். "இந்தப் பொண்ணா எனக்குச் சொல்லித்தரப் போவுது?" என்று முதல் நாள் முகம் சுளித்த மனுஷர், மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சீடராகிவிட்டார்.

சிவகாமியம்மாவின் மடியில் ஒரு கடிதம் இருந்தது. குழந்தைவேலுவின் மகள் மேகலா எழுதியது. அடுத்த வாரம் கணவனோடு மஸ்கட் போகிறாள். இனி எப்போது வருவாளோ தெரியாது. வியாழக்கிழமை பதினோரு மணிவரை மலையடிவாரத்தில் காரவள்ளி செக்போஸ்ட்டில் நிற்பேன், அப்பாவை ஒரு தடவை பார்த்தால் போதும் என்று எழுதியிருந்தாள். இன்று வியாழக்கிழமை; குடிலுக்குச் சாமான் வாங்க இறங்குகிறார்கள். அந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டாமல் இந்தப் பக்கம் மலையிறங்க முடியாது.

"நிறுத்துவீங்களா?" என்று கேட்டார் சிவகாமியம்மா.

"மாட்டேங்க. கோபத்துல சொல்லல. எனக்கு ஒண்ணும் தோணல, அவ்வளவுதான்."

அதை அவர் சொன்ன அழகைப் பார்க்கணுமே! பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை தோற்றுப்போகும்.

மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவு. இருபது, இருபத்தைந்து கடந்திருப்பார்கள். அடுத்த வளைவில் குழந்தைவேலு ஸ்டியரிங்கை ஒடித்தார். முன்பக்கம் திரும்பியது, பின்பக்கம் திரும்பாமல் வெளியே இழுத்துக்கொண்டு போனது. கீழேயிருந்து ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு ஏறி வந்தது. பிரேக்கை மிதித்த மிதியில் வண்டி தடுப்புச் சுவரை உரசி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பனிமூட்டம் மட்டும்தான். பஸ் டிரைவர் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

குழந்தைவேலு கதவைத் திறக்கவே இரண்டு தடவை தடுமாறினார்.

சிவகாமியம்மா இறங்கி, பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"காத்துப் பாக்கற கேஜ் இருக்கா?"

டிக்கியில் இருந்தது. கால் பம்பும் இருந்தது. இரண்டும் வாங்கிய நாளிலிருந்து கை படாமல் கிடந்தன. குழந்தைவேலு ஒவ்வொரு சக்கரமாகக் கேஜை வைத்துப் பார்த்தார். பத்தொன்பது. இருபது. பத்தொன்பது. பின்னால் இடது பக்கம் பதினாறு. கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளில், இருக்க வேண்டிய அழுத்தம் முப்பத்து மூன்று என்று போட்டிருந்தது.

"ஐயையோ, அதெப்படிங்க! காத்து குறைஞ்சா ஸ்டியரிங் முன்னாடி மஞ்சள் விளக்கு எரியணுமே. எரியவே இல்லீங்களே!"

"என்னைக்குமே எரிஞ்சதில்லையா?"

குழந்தைவேலு ஸ்டியரிங் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மூணு மாசம் முன்னாடி எரிஞ்சுது. கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சுங்க. பையன் ஒரு பொத்தானைக் காமிச்சான். மூணு விநாடி அழுத்திப் பிடிச்சேன், அணைஞ்சிருச்சு."

"அப்ப காத்து அடிச்சீங்களா?"

"விளக்குதான் அணைஞ்சிருச்சுங்களே."

முன் சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியை அம்மா திறந்தார். வண்டியோடு கொடுத்த புத்தகம் உறை பிரிக்காமல் கிடந்தது. கிழித்து, பக்கம் தேடிப் படித்தார்.

"காத்தைச் சரியா நிரப்பின பிறகுதான் அந்தப் பொத்தானை அழுத்தணுமாம். இந்த வண்டிக்கு டயருக்குள்ள காத்தை அளக்கற கருவி கிடையாது. நாலு சக்கரமும் உருளறதை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்குது. பொத்தானை அழுத்துற அன்னைக்கு எப்படி உருளுதோ, அதுதான் சரின்னு எடுத்துக்கும்."

"அப்படின்னா?"

"அன்னைக்கு ஒரு சக்கரத்துல குறைஞ்சிருந்துச்சு, வண்டி சொல்லுச்சு. இதுதான் சரின்னு நீங்க சொன்னீங்க. நம்பிடுச்சு. அப்புறம் நாலும் சேர்ந்து இறங்கினப்ப அதுக்கு ஒண்ணும் தெரியல."

குழந்தைவேலு தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு பம்பை மாட்டி மிதிக்க ஆரம்பித்தார்.

அம்மா மணி பார்த்தார். பத்து ஆகப் போகிறது. "நாலையும் அடிச்சு முடிச்சுக் கீழ போறதுக்குள்ள பதினொண்ணு ஆயிரும். அவ கிளம்பிடுவா."

"கிளம்பட்டுங்க."

வாய் அப்படித்தான் சொன்னது. கால் வேகம் பிடித்தது. இரண்டாவது சக்கரத்தில் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில் மூச்சு இரைத்தது.

"மெதுவா அடிங்க. ஒண்ணும் தோணலன்னு சொன்னீங்களே, எதுக்கு அவசரம்?"

குழந்தைவேலு நிமிர்ந்து பார்க்கவில்லை. காலையும் நிறுத்தவில்லை.

நாலாவது சக்கரம் முப்பத்து மூன்றுக்கு வந்ததும் காருக்குள் உட்கார்ந்து பொத்தானில் விரலை வைத்தார். "இப்ப அழுத்தலாமுங்களா?"

"இப்ப அழுத்துங்க."

மிச்ச வளைவுகளில் வண்டி சொன்னபடி திரும்பியது. குழந்தைவேலுவோ ஒவ்வொரு திருப்பத்திலும் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாற்பது. பத்து ஐம்பது. முன்னால் ஒரு மூட்டை லாரி ஊர்ந்தது. தாண்ட இடமில்லை. வாழ்க்கையில் எந்த லாரியையும் அவர் அப்படிச் சபித்ததில்லை.

கடைசி வளைவு முடிந்ததும் செக்போஸ்ட் தெரிந்தது. நாமக்கல் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதன் படியில் ஒரு காலை வைத்தபடி, மலைச்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் மேகலா. இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

குழந்தைவேலுவின் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. கால் பிரேக்குக்குப் போகவில்லை.

"அம்மா, நெஞ்சு கிடந்து அடிச்சுக்குதுங்க. எரியுது. தாங்க முடியல. கண்ணை மூடி ஒரு நிமிஷம் மூச்சைக் கவனிச்சுக்கட்டுங்களா?"

"வேண்டாம். எரியட்டும்," என்றார் சிவகாமியம்மா. "நீங்க வண்டியை நிறுத்துங்க."